ஒரு கண் மட்டும் சின்னதாகத் தெரிகிறதா? ஹார்னர் சிண்ட்ரோமைக் கவனிப்பது எப்படி

என் அக்கா மூன்று நாளாகக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து "தூக்கம் போதவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இடது இமை லேசாக இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பார்வை மங்கவில்லை, கண் வலிக்கவில்லை, வாயும் கோணவில்லை. கூடவே இடது பக்கக் கழுத்தில் ஒரு வலி இருந்தது, அதற்குத் தலையணை மேல் பழி. முதலில் பார்த்த டாக்டர் கண் அசதி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது: இடது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், அதாவது கண்மணி, வலது பக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அன்று மாலையே ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தது.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த மூன்று நாள் வீணாகியிருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இமை இறங்கிக் கண்மணி சுருங்கும் இந்த அடையாளத்துக்குப் பெயர் ஹார்னர் சிண்ட்ரோம். யோகான் ஃபிரீட்ரிக் ஹார்னர் என்ற சுவிஸ் கண் மருத்துவர் 1869-இல் 40 வயதுப் பெண் ஒருவரிடம் கண்டதை விவரமாக எழுதிவைத்தார், அதனால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பே 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கழுத்தில் குண்டு பாய்ந்த ஒரு சிப்பாயிடம் சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதையே பார்த்து எழுதியிருந்தார்கள். பெயர் யாருக்குப் போனால் என்ன. அடையாளம் மூன்று, மூன்றும் முகத்தின் ஒரே பக்கத்தில்: மேலிமை கொஞ்சம் இறங்கும், கண்மணி சுருங்கும், அந்தப் பக்க முகம் வியர்க்காது. மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்பதில்லை. வியர்வை விஷயம் பல பேருக்குத் தெரியவே தெரியாது.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஹார்னர் சிண்ட்ரோம் என்பது தனி நோயே இல்லை, ஒரு நரம்புப் பாதை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளம். கண்ணுக்கு இதனால் பெரிய கேடு கிடையாது. கேடு இருந்தால் அது கண்ணில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. அதனால் "கண்ணுக்கு என்ன மருந்து" என்று கேட்பதைவிட "எந்த இடத்தில் அறுந்தது" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

எப்போது உடனே ஓட வேண்டும்

மற்ற எல்லாவற்றையும் அப்புறம் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் முதலில் படியுங்கள். இமை இறக்கமும் சின்னக் கண்மணியும் புதிதாக வந்திருந்து, அதே பக்கம் கழுத்திலோ தலையிலோ முகத்திலோ கண்ணைச் சுற்றியோ வலியும் இருந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாளைக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கிப் போகலாம் என்ற பேச்சே வேண்டாம். கரோட்டிட் என்னும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் இப்படித்தான் வரும். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி, அது உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து கிழிந்த முதல் சில நாள்களிலும் வாரங்களிலும்தான் மிக அதிகம், ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

விபத்து, கழுத்து வெடுக்கென்று திரும்புவது, கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்வது, பலமான இருமல், இவற்றில் எதற்குப் பிறகும் இது வரலாம். எதுவுமே நடக்காமலும் வரலாம். சிலருக்கு அந்தப் பக்கக் காதில் நாடித் துடிப்போடு சேர்ந்து "உஷ் உஷ்" என்று சத்தம் கேட்கும். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலைசுற்றல், விழுங்கச் சிரமம், இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது என்று எது கூட இருந்தாலும் யோசிக்கவே கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அங்கே போய் "இமை தொங்குகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் முதல் தடவை செய்த தப்பு அதுதான். "இமை இறங்கியிருக்கிறது, அதே பக்கக் கண்மணி சின்னதாக இருக்கிறது, கழுத்து வலி இருக்கிறது, இத்தனை நாளாக" என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இரண்டு சேதியைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் மூளை வேறு மாதிரி வேலை செய்யும்.

வலி எதுவும் இல்லை, எப்போது வந்தது என்றும் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பழையது என்று நீங்கள் நிரூபிக்க முடியாத எதையும் புதியது என்றே வைத்துக்கொண்டு ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி

தனியாகக் கண்ணாடி முன் நின்று பார்ப்பதைவிட இன்னொருவரை எதிரில் உட்கார வைப்பது நல்லது. கண்ணாடியில் பார்க்கும்போது நாம் நம் மூக்கின் அருகே உற்றுப் பார்ப்போம், பக்கத்தில் உள்ளதைப் பார்த்தாலே கண்மணி சுருங்கும், அப்புறம் எந்தக் கண் சின்னது என்று குழம்பிப்போகும். எதிரில் இருப்பவர் பார்க்க, நீங்கள் அவர் தோளுக்கு மேலே தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நம்மில் பெரும்பாலானோருக்குக் கருவிழி அடர் பழுப்பு. அதற்குள் கறுப்புக் கண்மணி எங்கே ஆரம்பிக்கிறது என்று சும்மா பார்த்தால் தெரியாது. இதற்கு ஒரு வழி, மங்கலான டார்ச்சை முகத்துக்கு நேராக அடிக்காமல் தாடைக்குக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிப்பது. வெளிச்சம் கண்ணுக்குள் குத்தாது, ஆனால் கருவிழியின் பழுப்பு நிறம் லேசாக எழும்பி, நடுவில் கறுப்பு வட்டத்தின் ஓரம் தெளிவாகத் தெரியும். டார்ச் பிரகாசமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நல்ல யோசனைதான், இரண்டு கண்ணும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

சரி, இப்போது சோதனை. முதலில் நல்ல வெளிச்சத்தில் இரண்டு கண்மணியையும் ஒப்பிடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி அந்த மங்கல் வெளிச்சத்தில் பாருங்கள். ஹார்னரில் இருட்டில்தான் வித்தியாசம் அதிகமாகும், ஏனென்றால் கெட்டுப்போயிருப்பது கண்மணியை விரிக்கும் நரம்பு. வெளிச்சத்தில் இரண்டும் ஒழுங்காகவே சுருங்கும், அதில் குறை இருக்காது. நேர்மாறாக, வெளிச்சத்தில் வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தால் பெரிதாக இருக்கும் கண்மணியில்தான் பிரச்சினை, அது வேறு கதை.

இதைவிடத் துல்லியமான ஒன்று இருக்கிறது, பொறுமையாகப் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்ததும் எண்ண ஆரம்பியுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் நல்ல கண்ணின் கண்மணி விரிந்துவிடும். பாதிக்கப்பட்ட கண் அப்போதும் சின்னதாகவே இருக்கும், பிறகு சோம்பேறித்தனமாக மெல்ல மெல்ல விரியும், பதினைந்து எண்ணும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கும். இந்தத் தாமதம்தான் ஹார்னரின் கையெழுத்து மாதிரி. அக்காவை உட்கார வைத்து இதை நான் போனில் வீடியோ எடுத்தேன். அணைத்த நொடியில் வலது கண்மணி திறந்துகொண்டது, இடது மட்டும் யாரோ எழுப்பிவிட்ட பிறகு எழுந்திருப்பதுபோல் பின்னாலேயே வந்தது. மருத்துவமனையில் அந்த வீடியோவைக் காட்டியதும் பேச்சு மாறிவிட்டது.

இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எல்லோருக்கும் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. வலியோடு வந்ததென்றால் சோதனை செய்துகொண்டு வீட்டில் உட்காராமல் கிளம்புங்கள்.

இமையில் என்ன பார்ப்பது? இறக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்மணியை மூடும் அளவுக்குத் தொங்காது. மேலிமையைத் தூக்குவதற்குப் பெரிய தசை ஒன்றும் முல்லர் தசை என்ற சின்னத் தசை ஒன்றும் உண்டு. இங்கே வேலையை நிறுத்துவது சின்னது. கீழிமையையும் பாருங்கள், அது கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். மேலிருந்து ஒரு சிட்டிகை, கீழிருந்து ஒரு சிட்டிகை என்று கண்ணின் திறப்பு இரண்டு பக்கமும் குறுகுவதால், கண்ணே உள்ளே போய்விட்டதுபோல் ஒரு தோற்றம் வரும். உண்மையில் கண் எங்கேயும் போகவில்லை.

வியர்வையைப் பார்க்க, வேகமாக நடந்துவிட்டு அல்லது வெயிலில் இருந்துவிட்டு வந்து புறங்கை விரலை நெற்றியில் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துப் பாருங்கள். ஈரமான பக்கம் விரல் ஒட்டி ஒட்டி நகரும், காய்ந்த பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு பகுதி காய்ந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி முகமா, பாதி உடம்பா, புருவத்துக்கு மேல் ஒரு துண்டு மட்டுமா என்பதை வைத்தே எங்கே அறுந்தது என்று டாக்டர் ஓரளவு ஊகிக்க முடியும்.

பழைய படங்களைத் தோண்டுங்கள்

ரொம்ப எளிய வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. போன வாரம், போன மாதம், போன வருடம் எடுத்த படங்களில் முகம் நேராகத் தெரிபவற்றைத் தேடி எடுத்துக் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடையாள அட்டைப் படமும் உதவும். பத்து வருடத்துக்கு முன்பே அதே பக்கம் அதே மாதிரி இருந்திருந்தால் கதையே வேறு. இரண்டு வாரத்துக்கு முன் இல்லாமல் இப்போது இருந்தால் அதுவும் பெரிய சேதி. செல்ஃபியில் சில போன்கள் இடது வலதை மாற்றிவிடும், அதனால் மச்சமோ தலை வகிடோ எந்தப் பக்கம் என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நோயே பக்கம் மாறியதுபோல் ஆகிவிடும்.

ஹார்னர் இல்லாத வேறு சில

கண்மணிகள் சமமாக இல்லாத எல்லோருக்கும் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 20 சதவீதம் பேருக்கு இயல்பிலேயே சிறு வித்தியாசம் உண்டு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள், வெளிச்சத்திலும் இருட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, இமையும் இறங்கியிருக்காது.

முகவாதம் என்பார்களே, பெல்ஸ் பால்சி, அதையும் இதையும் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். அதில் கண்ணை மூட முடியாது, வாய் ஒரு பக்கம் இழுக்கும், நெற்றி சுருங்காது. ஹார்னரில் கண் நன்றாக மூடும், சிரிப்பு நேராகவே இருக்கும். இமை முழுக்கத் தொங்கி, கண்மணி பெரிதாகி, கண் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால் அது கண்ணை அசைக்கும் மூன்றாவது மூளை நரம்பின் கோளாறு, அதுவும் அவசரம்தான், சொல்லப்போனால் இன்னும் அவசரம். காலையில் சரியாக இருந்து சாயங்காலம் ஆக ஆக இமை தொங்குகிறது, ஆனால் கண்மணி சமம் என்றால் தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா என்ற நோயின் பக்கம் யோசிப்பார்கள். பல வருடம் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இமை தானாகவே தளர்வதுண்டு. இவற்றில் எது என்று முடிவு செய்யும் வேலை நம்முடையது இல்லை.

நரம்பு எங்கே போகிறது, ஏன் இத்தனை ஸ்கேன்

கண்ணுக்கு மார்பை எதற்கு ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நரம்பு நிஜமாகவே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வகை. மூளையின் அடியில் ஹைபோதலாமஸில் புறப்பட்டு, மூளைத்தண்டு வழியாக இறங்கி, கழுத்தைத் தாண்டித் தண்டுவடத்தில் மார்பு ஆரம்பிக்கும் இடம் வரை போகிறது. அங்கே ஒரு மாற்று, அதாவது ஒரு நரம்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். வெளியே வந்து நுரையீரலின் உச்சியை ஒட்டி வளைந்து மறுபடி கழுத்தில் ஏறி, தாடை மூலைக்குக் கிட்டே இன்னொரு மாற்று. அங்கிருந்து கரோட்டிட் குழாயின் சுவரைச் சுற்றிக்கொண்டு மண்டைக்குள் நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் உள்ள ரத்தத் தேக்கப் பகுதியைக் கடந்து, ஒருவழியாகக் கண்மணிக்கும் இமைக்கும் வந்து சேர்கிறது. முகத்தின் பெரும்பகுதிக்கு வியர்வை நரம்புகள் அந்தக் கடைசி மாற்று இடத்திலேயே பிரிந்து வேறு குழாயோடு போய்விடும். அக்காவுக்கு முகம் நன்றாக வியர்த்ததற்குக் காரணம் அதுதான், அறுந்தது அந்தப் பிரிவுக்கு அப்பால்.

இந்த நீளமான பாதையில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு வரலாம். மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தால் தலைசுற்றலும் விழுங்கச் சிரமமும் கூட வரும். நுரையீரல் உச்சியில் வளரும் பான்கோஸ்ட் கட்டி நரம்பை அழுத்தலாம், அதில் தோள்பட்டையிலிருந்து கையின் உள்பக்கம் சுண்டுவிரல் வரை வலி இறங்கும், கை மெலியும். புகைபிடிப்பவர் என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு, கழுத்து, மார்பு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும், கழுத்து ரத்தக்குழாயில் பெரிய ஊசி போட்ட பிறகும் வருவதுண்டு. பிரசவத்தின்போது முதுகில் கொடுக்கும் எபிடூரல் மயக்க மருந்தாலும் சில மணி நேரம் இப்படி வந்து போகலாம். ஒற்றைப் பக்கம் கண்ணைக் குடையும் கிளஸ்டர் தலைவலியிலும் வரும். எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள்.

அதனால்தான் மூளையிலிருந்து மார்பின் மேல்பகுதி வரை ஸ்கேன், ரத்தக்குழாய்களுக்கு ஆஞ்சியோ வகை ஸ்கேன் என்று போகிறார்கள். வெறும் மூளை ஸ்கேன் மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்றால், கழுத்தும் மார்பின் உச்சியும் பார்த்தாயிற்றா என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

டாக்டரிடம் என்ன நடக்கும்

முதலில் சொட்டு மருந்துச் சோதனை. அப்ராகுளோனிடின் என்ற மருந்தை இரண்டு கண்ணிலும் விடுவார்கள். சாதாரணக் கண்ணில் அது கண்மணியைப் பெரிதாக அசைக்காது. நரம்பு அறுந்த கண் மட்டும் பட்டினி கிடந்தவன் மாதிரி அந்தக் கொஞ்ச மருந்தையும் பிடித்துக்கொண்டு கண்மணியை விரிக்கும், இமையும் ஏறும். அரை மணி, முக்கால் மணி கழித்துப் பார்த்தால் சின்னது பெரிதாகி, பெரிது சின்னதாகி எல்லாம் தலைகீழாக இருக்கும். பார்க்க வேடிக்கையாகவே இருக்கும். முன்பு கொகெய்ன் சொட்டு விட்டுத்தான் பார்த்தார்கள், அது கிடைப்பது கஷ்டம் என்பதால் இது வந்தது.

இரண்டு எச்சரிக்கை. பிரச்சினை தொடங்கிய முதல் சில நாள்களில் அப்ராகுளோனிடின் சோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டலாம், அந்தப் பட்டினி உண்டாக நாள் வேண்டும். ஆகவே வலியோடு வந்தவருக்குச் சொட்டு முடிவைக் காத்து ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, கைக்குழந்தைகளுக்கு இந்த மருந்து ஆபத்து, தூக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரும். போகும் முன் வீட்டில் கிடக்கும் எந்தச் சொட்டு மருந்தையும் கண்ணில் விடாதீர்கள், சிவப்பைப் போக்கும் சொட்டு உட்பட. சோதனை முடிவையே அது கெடுத்துவிடும்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழும்போதோ ஓடி விளையாடும்போதோ முகத்தின் ஒரு பாதி சிவந்து மறுபாதி வெளிறியே இருந்தால், நடுவில் கோடு போட்டதுபோல் இருந்தால், கண்களைக் கவனியுங்கள். பிறந்ததிலிருந்தே இருந்தால் அந்தக் கண்ணின் கருவிழி நிறம் வெளிறியிருக்கலாம். பிரசவத்தில் கழுத்து இழுபட்டதால் வந்ததாக இருக்கலாம். ஆனால் காரணம் தெரியாத எந்தக் குழந்தைக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி இருக்கிறதா என்று கழுத்து, மார்பு, வயிறு வரை தேடுவார்கள். தேட வேண்டும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் வேறொருவரிடம் போங்கள்.

அப்புறம்

சிகிச்சை காரணத்துக்குத்தான். ரத்தக்குழாய்க் கிழிசலுக்கு ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள், பெரும்பாலும் சில மாதங்களில் குழாய் தானே ஆறிவிடும். கண்மணி பழையபடி ஆகலாம், ஆகாமலும் போகலாம். அக்காவுக்கு இமை முக்கால்வாசி ஏறிவிட்டது, கண்மணி இன்னும் சின்னதுதான். பயிற்சி, மசாஜ், கண்ணை உருட்டுவது எதுவும் இந்த நரம்பை ஒட்டவைக்காது. கிழிசல் உள்ளவர் கழுத்தில் மசாஜ் செய்துகொள்ளவே கூடாது. தோற்றம் உறுத்தினால், எல்லாம் அடங்கி இமை ஒரே நிலையில் நின்ற பிறகு, முல்லர் தசையைச் சுருக்கி இமையைத் தூக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. அவசரமில்லை.

கண்மணி அப்படியே நின்றுவிட்டவர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும், எங்களுக்கு இதைச் சொன்னது ஒரு நர்ஸ். விபத்தில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவரின் கண்ணில் டார்ச் அடித்துத்தான் முதலில் பார்ப்பார்கள், இரண்டும் சமமாக இல்லையென்றால் மூளைக்குள் ரத்தக்கசிவோ என்று பதறுவார்கள். அறுவை சிகிச்சை மேஜையிலும் அப்படித்தான். அதனால் அக்காவின் பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சீட்டு இருக்கிறது: "இடது கண்மணி எப்போதும் சின்னது, ஹார்னர் சிண்ட்ரோம்," அதற்குக் கீழே கண்டுபிடித்த தேதியும் என் போன் நம்பரும்.